பல் எடுக்கும் நாள் வரை

பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடுவதுதான் வழி என்று பல் மருத்துவர் சொல்லிவிட்ட பிறகும், அதை அன்றைக்கே எடுத்துவிட முடியாத நிலை பலருக்கு ஏற்படுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கென்று சில வகை மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்கு, அவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரையும் கலந்துகொண்டுதான் நாள் குறிப்பார்கள். என்னுடைய காரணம் வேறு. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் ஈறு மட்டத்துக்குக் கீழே உடைந்திருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது அதன் வேர்கள் வளைந்து, தாடை நரம்பு செல்லும் பாதைக்கு மிக அருகில் போய் நின்றன. இதை வாய், தாடை அறுவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவர் வரும் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் பக்கத்தில் இல்லை.

பல் எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை அச்சிட்ட தாளாகவே தருகிறார்கள். எடுக்கும்வரை வலியோடு எப்படி இருப்பது என்பதற்கு, 'வலி வந்தால் மாத்திரை போடுங்கள்' என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த ஒரு வரியோடும் எனக்கு உடன்பாடில்லை. காத்திருக்கும் காலத்துப் பல்வலிக்கு, வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடினால் வலிதான் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் பார்த்துப் போட்டால் மட்டுமே அதை ஓரளவுக்குள் வைத்திருக்க முடியும். ஏன் அப்படி என்பதற்கு, வலிக்கும் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்த நாளங்களும் அடங்கிய மென்மையான பற்கூழ். உடம்பில் வேறு எங்கே அழற்சி ஏற்பட்டாலும் அந்த இடம் வீங்குவதற்குச் சுற்றிலும் இடம் இருக்கும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நான்கு பக்கமும் கடினமான சுவர். ரத்தம் வந்து போவதற்கு வேரின் நுனியில் நுண்ணிய துளை. சொத்தையின் வழியாகக் கிருமிகள் உள்ளே எட்டிப் பற்கூழ் வீங்கத் தொடங்கியதும் அழுத்தம் ஏறுகிறது, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. குனிந்தால் வலி கூடுவதும் படுத்தால் கூடுவதும் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் ஏறுவதால்தான்.

இந்த அழற்சிக்குப் படிகள் உண்டு. ஆரம்பத்தில் குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று இழுக்கும், எடுத்த மறு நொடியே நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் சொத்தையை அடைத்தாலே பல் தேறிவிடக்கூடும். அதைத் தாண்டினால், குளிர்ச்சியோ சூடோ பட்டு விலகிய பிறகும் வலி நிமிடக் கணக்கில் நிற்கும். எதுவும் படாமலே நடு இரவில் கிளம்பும். மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது, அதைப் பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது சூடு ஆகாது, குளிர்ச்சிதான் ஆறுதல். அந்த நாட்களில் இரவெல்லாம் படுக்கைக்கு அருகில் குளிர்ந்த நீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாய் நீரை எடுத்துப் பல்லின் மேல் தேக்கினால் குடைச்சல் அப்படியே அடங்கும். வாயின் சூட்டில் அந்த நீர் வெதுவெதுப்பாக மாறுவதற்குள் வலி மெல்லத் தலைதூக்கும். துப்பிவிட்டு அடுத்த வாய். இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பற்கூழ் அழியும் கட்டத்தில் இப்படி நடப்பது அவர்கள் நன்கு அறிந்த அடையாளமாம்.

பற்கூழின் வலிக்கு இன்னொரு குணம், அது இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதுக்குள் குத்தும். மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றே குழப்பும். நெற்றிப் பொட்டு வரை ஏறும். ஆனால் இடப்பக்கத்துப் பல்லின் வலி பொதுவாக வலப்பக்கத்துக்குத் தாவுவதில்லை. அழற்சி வேரின் நுனியைத் தாண்டி வெளியே பரவி, பல்லைத் தாங்கும் தசைநாரைத் தொட்ட பிறகுதான், இந்தப் பல்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அப்போது பல் தன் இடத்திலிருந்து சற்று உயர்ந்துவிட்டதுபோல் இருக்கும். வாயை மூடினால் மற்றப் பற்களுக்கு முன்னால் அதுதான் போய் இடிக்கும்.

நாள் குறித்துவிட்டால் அதுவரை மருத்துவமனைக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வது பரவலாக இருக்கிறது. வலி மிகுந்தால் இடையில் போய்க் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பல்லை எடுக்காமலே வலியைக் குறைக்கப் பல் மருத்துவரால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பல்லைத் திறந்து, அழற்சியுற்ற பற்கூழை நீக்கி, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினால் உள்ளே இருந்த அழுத்தம் விடுபடும். ஈற்றில் சீழ் கட்டியிருந்தால் கீறி வடிக்கலாம். எனக்கு உதவியது இவற்றையெல்லாம்விட எளிய ஒன்று. மருத்துவர் வண்ணம் பூசிய மெல்லிய தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். உடைந்த பல்லில் எஞ்சியிருந்த ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தமாகப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியை மட்டும் இரண்டு மூன்று தடவை தேய்த்துவிட்டு, மீண்டும் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். வேலை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. அன்று மாலையே எச்சில் விழுங்கும்போது வாயை மூட முடிந்தது. எப்படியும் எடுக்கப்போகிற பல்லைத் தேய்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

இனி மாத்திரை. பல்வலிக்கு முதல் மருந்தாகச் சொல்லப்படுவது இபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த அழற்சி நீக்கிகள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆதரவோடு 2024இல் வெளிவந்த வழிகாட்டுதலும், பெரியவர்களுக்கு ஏற்படும் திடீர்ப் பல்வலிக்கு, அபின் சார்ந்த வலிநீக்கிகளுக்கு முன்பாக, இவற்றைத் தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. அழற்சி உள்ள இடத்தில் வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாவதை இபுப்ரோஃபென் தடுக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம் வேலை செய்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடுவது ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுப்பதாகாது. சேர்த்துப் போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மருத்துவர் இரண்டையும் ஒரே வரியில்தான் எழுதினார்: இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 500 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, உணவுக்குப் பின்.

"வலி விட்டுட்டா அடுத்ததைப் போடாம விட்டுடலாமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"வலி விட்டதே மாத்திரையாலதானே? மணி ஆனதும் போடுங்க. நாள் நெருங்கும்போது பார்த்துக்கலாம்" என்றார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து வேலையைத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். முந்தைய மாத்திரையின் பலம் முற்றிலும் வடிந்து, வலி உச்சத்துக்குப் போன பிறகு அடுத்ததைப் போட்டால், அந்த ஒரு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டும் ஓட்ட முடியாது. பொறுக்க முடியாமல் இன்னொன்றைச் சேர்த்து விழுங்கச் சொல்வதும் இந்த இடைவெளிதான். அளவுக்கு மிஞ்சிய மாத்திரைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் உள்ளே போகின்றன. பாராசிட்டமால் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்பு உள்ளவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துகிறவர்கள் ஆகியோருக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. சளி, காய்ச்சலுக்காக விற்கப்படும் பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படிக்காமல் சேர்த்துப் போடுகிறவர்களுக்குக் கணக்கு தவறிவிடும். மருத்துவர் சொல்லாமல் தாமாக வாங்கிப் போடும்போது இபுப்ரோஃபெனுக்கான எல்லை ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலி மாத்திரை போட்டால் ஆஸ்துமா கிளம்புகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதைத் தாமாகத் தொடவே கூடாது.

நான் செய்தது, ஒரு தாளில் மணியையும் மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டே வந்தது. தூக்கம் கெட்ட மூளைக்கு, கடைசியாகப் போட்டது எப்போது என்பது நினைவில் நிற்பதில்லை. இரவு மூன்று மணிக்கு அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, போட்டோமா இல்லையா என்று யோசிக்கும்போது அந்தத் தாள் பதில் சொல்லும்.

ஆன்டிபயாடிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்வலி என்றதும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைத் தேடுகிறவர்கள் ஏராளம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் அதைவிட ஏராளம். பற்கூழின் அழற்சியால் வரும் வலிக்கு அது வலிநீக்கி ஆகாது. அழிந்துகொண்டிருக்கும் பற்கூழுக்கு ரத்த ஓட்டமே குறைந்துபோயிருக்கும்போது, ரத்தத்தின் வழியாக வரும் மருந்து அங்கே போய்ச் சேருவது எப்படி? அதே அமெரிக்கச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் எதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெரியவர்களுக்கு, பல்லிலேயே சிகிச்சை செய்ய வாய்ப்பிருக்கும்போது, இத்தகைய வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. காய்ச்சலும் உடல் சோர்வும் சேர்ந்தாலோ வீக்கம் பரவினாலோ கதை வேறு. அப்போது மருத்துவரே எழுதுவார், எழுதியதை அவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். இரண்டு நாள் போட்டதும் வலி விட்டது, ஆகவே அந்த மருந்துதான் கேட்டது என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு நாளில் வலி மாத்திரையும் கூடவே போயிருக்கும். சில சமயம் நரம்பே செத்திருக்கும்.

வீட்டு வைத்தியங்களில் எனக்குப் பகை எதுவும் இல்லை, ஆனால் எது என்ன செய்யும் என்று தெரிந்து செய்ய வேண்டும். கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜெனால் என்ற பொருள். அது நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்வது உண்மைதான், பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதும் உண்டு. ஆனால் பஞ்சில் தோய்த்துச் சொத்தைக் குழிக்குள் ஒரு துளி வைப்பதும், ஈறு முழுவதும் தாராளமாகத் தடவுவதும் ஒன்றாகாது. செறிவான தைலம் ஈற்றையும் நாக்கையும் எரித்துவிடும். குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகவே மாறக்கூடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொள்வது இன்னும் மோசம். மாத்திரை பட்ட இடத்தில் தோல் வெந்து வெள்ளையாக உரியும். பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்துகொள்ளும். விழுங்கினாலும் ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால், பல் எடுக்கப்போகிறவர்கள் வலிக்காக அதைத் தேர்ந்தெடுக்காமலிருப்பது நல்லது. இதயத்துக்காக மருத்துவர் கொடுத்துத் தினமும் சாப்பிடுகிறவர்கள் மட்டும், பல்லைக் காரணம் காட்டித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதன் விளைவு பல்லைவிடப் பெரியது.

உப்பு நீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்பு. கொப்பளித்துத் துப்ப வேண்டும். சொத்தைக் குழியில் மாட்டிக்கொண்ட உணவுத் துணுக்கை அது வெளியேற்றும், பல நேரங்களில் வலியைக் கிளப்பிவிட்டது அந்தத் துணுக்காகவே இருக்கும். கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். வீக்கம் இருக்கும்போது சூட்டு ஒத்தடம் இதமாகத் தோன்றினாலும் அந்தப் பக்கம் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மென்மையான தூரிகையால் அந்தப் பல்லின் பக்கம் மட்டும் மெதுவாகப் போனால் போதும். சாப்பாட்டை மறுபக்கத்தில் மெல்வது யாரும் சொல்லாமலே வந்துவிடுகிறது.

இரவுதான் சோதனை. பகலில் வேலையும் பேச்சும் இருந்ததால் பின்வாங்கியிருந்த வலி, விளக்கை அணைத்ததும் முழு அறையையும் எடுத்துக்கொள்கிறது. தலையை உயர்த்திப் படுப்பது உண்மையிலேயே பலன் தருகிறது. இரண்டு தலையணையை அடுக்கிக் கழுத்தை ஒடித்துக்கொள்வதைவிட, முதுகிலிருந்தே சாய்வாக வருமாறு அமைத்துக்கொண்டால் விடியும்போது கழுத்து பிடிக்காது. வலிக்கும் பக்கமாகச் சரிந்து படுக்கக் கூடாது. மாத்திரை நேரங்களை அமைக்கும்போதே, ஒன்று படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் விழும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே அளவு வலிகூடக் கூடுதலாகத் தெரியும்; ஆகவே இரவு மாத்திரையைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதினேன்.

அந்த இரவுகளில் வலியோடு பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு வலிக்கிற பல்லைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்ற பயம். ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1844 டிசம்பரில், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துவிட்டுத் தன்னுடைய கடைவாய்ப் பல்லையே எடுக்கச் சொன்னார். வலியில்லாமல் பல் எடுக்கலாம் என்பதைத் தன் வாயிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். இன்று பெரிதும் பயன்படும் லிடோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து சுவீடனில் 1943இல் உருவாக்கப்பட்டு 1948இல் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே இந்த மருந்து நரம்புக்குள் ஊடுருவுவது குறையும். கடும் வலியில் இருக்கும் பல் சட்டென்று மரத்துப்போகாததற்கு அது ஒரு காரணம். கீழ்த்தாடைப் பல்லுக்குப் பல்லிலிருந்து தள்ளி, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தின் அருகே ஊசி போடுவார்கள். தேவைப்பட்டால் வேறு இடத்திலும் கூடுதலாகப் போடுவார்கள். அழுத்துவதும் அசைப்பதும் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்கலாம், நிறுத்திவிட்டு மறுபடி மருந்து கொடுப்பார்கள். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொண்டதில் பாதிப் பயம் போய்விட்டது.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, நாக்குக்கு அடியில் தடித்து நாக்கு மேலே தூக்கினாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வெளியே வழிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, குறித்த நாளை மறந்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் வாயின் அடித்தளத்தில் பரவி மூச்சுப்பாதையை நெருக்குவதை 1836இல் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் வான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார்; அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிற இந்தக் காலத்திலும், மணிக்கணக்கில் தாமதித்தால் உயிருக்கு ஆபத்தானது அது. இன்னொன்று, பல்லில் எந்தக் கோளாறும் தெரியாமல் கீழ்த்தாடை வலித்து, நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறைந்து, அதோடு வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால், பார்க்க வேண்டியது இதயத்தை.

காத்திருக்கும் நாட்களில் எதிர்பாராத ஒன்றும் நடக்கலாம்: ஒரு காலையில் வலி சுத்தமாக நின்றிருக்கும். குளிர்ந்த நீர் பட்டாலும் ஒன்றும் தெரியாது. எனக்கு அப்படி நின்றபோது, ஏன் இந்த அறுவை, தள்ளிப்போட்டுவிடலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் சபலம் தட்டியது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த விளக்கம் சுருக்கமானது. நரம்பு செத்துவிட்டது, கிருமிகள் சாகவில்லை. வலியை உணர ஆள் இல்லாத அந்தப் பல்லுக்குள் அவை பெருகி, வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும், அடுத்த முறை வலியோடு வீக்கமும் வரும். நாளை மாற்றவில்லை.

பல் எடுக்கும் நாளன்று மாத்திரை எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோனேன். அறுவை மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்: என்னென்ன மருந்து, கடைசியாக எத்தனை மணிக்கு, வேறு எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒவ்வாதா? தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்துவிட்டு, எடுத்த பிறகு அடுத்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்பதை அதன் கடைசி வரிக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தார். ஊசியின் மரப்பு விட்டுப்போவதற்குள் அது உள்ளே போயிருக்க வேண்டும் என்றார்.